சங்கிலிக் கதையை விடுங்கள்

நேற்று முழுக்க எல்லார் சுவரிலும் ஓடிய அந்த ரீலைப் பற்றித்தான். 'சங்கிலி அறுந்து தலை போன ரேஸ் டிரைவர்' என்று தலைப்பு, பின்னால் காமெடி மியூசிக், கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சிரித்து முடித்துவிட்டீர்களா? சரி. அந்த டிரைவர், ஜே. ஜி. பாரி தாமஸ், ஒரு எஞ்சினியர்.

இங்கிலாந்தின் லேலண்ட் மோட்டார்ஸில் தலைமை எஞ்சினியர். 1920இல் வந்த லேலண்ட் எய்ட் சொகுசுக் கார் அவர் வடிவமைத்தது. ஒரே வரிசையில் எட்டு சிலிண்டர், வால்வுகளுக்குச் சுருள் ஸ்பிரிங் இல்லை, பட்டை ஸ்பிரிங். கார் விலை போகவில்லை. அப்புறம் வேலையை விட்டுவிட்டு, இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் கார் பந்தயத் தடத்துக்குள்ளேயே ஒரு வீட்டில் குடியேறிவிட்டார் மனுஷர்.

'பணக்காரன் விளையாட்டு' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, அவர் வாங்கியது செத்துப்போனவரின் கார். 1924இல் இத்தாலியின் மோன்ஸா பந்தயத்தில் இறந்த ஸ்பரோவ்ஸ்கி என்ற டிரைவர் விட்டுப்போனது. விலை 125 பவுண்டு. உள்ளே 27 லிட்டர் லிபர்ட்டி விமான எஞ்சின். பிஸ்டன்களைத் தானே புதிதாக வடிவமைத்து, நாலு கார்புரேட்டர் மாட்டி, 'பாப்ஸ்' என்று பெயரும் வைத்தார். 1926 ஏப்ரலில் வேல்ஸின் பெண்டைன் கடற்கரை மணலில் மணிக்கு 275 கிலோமீட்டர். உலக சாதனை. ரீலில் இது வந்ததா? வராது. எஞ்சினியர் என்றால் யார் பார்ப்பார்கள்?

1927 பிப்ரவரியில் மால்கம் கேம்ப்பெல் என்ற இன்னொரு டிரைவர் அதே மணலில் 281ஐத் தொட்டார். அதை முறியடிக்கப் போய்த்தான் மார்ச் 3 அன்று தாமஸ் இறந்தார். வயது 42.

சைக்கிள் மாதிரி சங்கிலியால் பின்சக்கரத்தைச் சுழற்றும் செயின் டிரைவ் அப்போதே பழசுதானே என்பீர்கள். நியாயம்தான். ஆனால் சங்கிலிதான் கொன்றது என்பதே உறுதியில்லை. காரை அங்கேயே மணலில் புதைத்துவிட்டார்கள். 1969இல் ஓவன் வின் ஓவன் என்ற பொறியியல் ஆசிரியர் அதைத் தோண்டியெடுத்து, வருஷக்கணக்கில் உழைத்து மறுபடி ஓடவைத்தார். பின்சக்கரம் முதலில் உடைந்திருக்கலாம் என்ற கருத்து அதற்கப்புறம் வலுத்தது. இதையெல்லாம் தேடிப் படிக்க நேரமில்லை, சிரிப்புப் பொம்மை போட மட்டும் நேரம் இருக்கிறது.

எங்கள் பெரியப்பா லேத் பட்டறையில் இருந்தார். பெரிய பட்டறைகள் கைவிட்ட பம்ப்செட்டெல்லாம் அவரிடம்தான் வரும். வரைபடம் இல்லாமலே உதிரிபாகம் கடைந்து கொடுப்பார். கல்யாண வீட்டில் அவரை எப்படி அறிமுகம் செய்வார்கள் தெரியுமா? 'மெஷின்ல ரெண்டு விரல் போச்சே, அவரு.' அவரும் சிரித்துக்கொண்டே கையைப் பைக்குள் விட்டுக்கொள்வார். எனக்கு அப்போதும் ஆத்திரம் வரும், இப்போதும் வருகிறது.

'வேல்ஸ்காரனுக்கு நீ ஏன் அழுகிறாய்?' அழவில்லை. 'அவ்வளவு வேகம் போய் என்னத்தைக் கண்டான்?' நீங்கள் ரீல் தள்ளித் தள்ளி என்னத்தைக் கண்டீர்களோ, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கண்டிருப்பார்.

பகிர்ந்தவர்களில் நாலைந்து பேர் மெக்கானிக்கல் படித்தவர்கள். பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும்.