அன்னா பார்னெலின் பேரேடு

அயர்லாந்தில் குத்தகை விவசாயிகள் நிலக்கிழார்களை எதிர்த்து நடத்திய நிலப் போராட்டம் பற்றிப் பேசும்போது, அன்னா பார்னெல் என்றால் பலருக்கும் நினைவு வருவது அந்த ஒரே காட்சிதான்: 1882 ஜூனில், வீடிழந்தவர்களுக்குக் குடிசை போட ஏன் தடை என்று கேட்டு, டப்ளின் தெருவில் வைஸ்ராயின் குதிரைக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. அது இருக்கட்டும். அவர் கணக்குப் பார்த்த விதத்தைத்தான் நாம் கவனித்திருக்க வேண்டும்.

1879 அக்டோபரில் தொடங்கிய நிலச் சங்கம் விவசாயிகளுக்குச் சொன்ன வழி, 'ஈட்டிமுனையில் குத்தகை'. அதாவது, கடைசி நிமிடம் வரை கட்டாதே. நிலக்கிழார் கோர்ட்டுக்குப் போவார், அமீனா மாட்டை ஜப்தி செய்வார், போலீஸ் காவலோடு ஏலம் நடக்கும். அப்போது கட்டி மீட்டுக்கொள். கோர்ட் செலவைச் சங்கம் தரும். கேட்க வீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிலக்கிழாருக்குக் குத்தகை முழுசாக வந்துவிடுகிறது. வழக்குச் செலவும் வந்துவிடுகிறது. நஷ்டம் யாருக்கு? அமெரிக்காவில் வேலை பார்த்த ஐரிஷ்காரர்கள் அனுப்பிய நன்கொடைக்கு! 1881 ஜனவரி 31-ல் பெண்கள் நிலச் சங்கம் தொடங்கியதும் அன்னா பிடித்த ஓட்டை இதுதான். பின்னாளில் இந்த வழியை 'மாபெரும் பித்தலாட்டம்' என்றே எழுதினார். என் கணக்கிலும் அவர் சொன்னதுதான் சரி.

பெண்கள் வைத்திருந்த பதிவேட்டுக்கு, அயர்லாந்தின் புகழ்பெற்ற பழைய பைபிள் கையெழுத்துச் சுவடியின் பெயரைக் கிண்டலாக வைத்தார்கள்: 'கெல்ஸ் நூல்'. ஒவ்வொரு பண்ணைக்கும் நிலக்கிழார் யார், ஏஜென்ட் யார், குத்தகைதாரர் எத்தனை பேர், வாங்கும் குத்தகை எவ்வளவு, கிரிஃபித் என்பவர் அரசுக்காகச் செய்த நில மதிப்பீட்டின்படி எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். கிளைகளுக்குப் படிவம் அனுப்பி நிரப்பி வாங்கினார்கள். இந்த இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே கொள்ளை எவ்வளவு என்று தெரிந்துவிடும், மேடைப் பேச்சே தேவையில்லை.

அன்னாவின் சாப்பாடே குத்தகைப் பணத்தில்தான், அது வேறு. 1859-ல் அப்பா இறந்தபோது நிலம் மகன்களுக்குப் போனது. அன்னாவுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு, அதுவும் குடும்பப் பண்ணை வருமானத்திலிருந்து. பெண்ணுக்குச் சொத்தில்லை என்பதன் அர்த்தம் அவருக்கு யாரும் பாடம் எடுத்துப் புரியவேண்டியதாக இல்லை.

1881 அக்டோபரில் ஆண்களின் நிலச் சங்கம் தடை செய்யப்பட்டது. தலைவர்கள் கில்மைன்ஹாம் சிறைக்குப் போனார்கள், அரசியல் கைதிகளாக, வெளிச் சாப்பாட்டோடு. சாப்பாட்டு பில்லும் பெண்கள் தலையில். பெண்கள் கைதானபோதோ 1361-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார்கள். நாடோடிகள், பாலியல் தொழிலாளர்கள் மீது போடும் 'நன்னடத்தை ஜாமீன்' சட்டம் அது. ஜாமீன் தர மறுத்தால் சாதாரணக் குற்றவாளிகளோடு சிறை.

1882 மே மாதம் அன்னாவின் அண்ணனும் நிலச் சங்கத் தலைவருமான சார்லஸ் பார்னெல் பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டனோடு சமரசமாகி வெளியே வந்தார். பெண்கள் சங்கத்துக்கு அப்போது சுமார் 5,000 பவுண்டு கடன். சங்கத்தைக் கலைத்தால்தான் கடனை அடைப்போம் என்றார்கள் ஆண் தலைவர்கள். நிவாரண மனுக்களைச் சரிபார்க்கும் வேலையை மட்டும் நீங்களே தொடருங்கள் என்று வேறு கேட்டார்கள். முடிவெடுக்க அவர்கள், மனு பார்க்க இவர்களாம். பெண்கள் மறுத்துவிட்டார்கள். ஆகஸ்டில் சங்கம் கலைந்தது. அன்னா அதற்குப் பிறகு அண்ணனோடு பேசவேயில்லை.