தேய்ந்த இன்ஜின் மவுண்டில் பாலியூரித்தேன் ஊற்றினால் புதுசாகிவிடுமா?

“கார் கண்ணாடி ஒட்டும் பாலியூரித்தேன் பசை ஒரு டியூப் வாங்கி மவுண்டின் இடுக்குகளை நிரப்புங்கள், அதிர்வே இருக்காது” என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. நடப்பது நேர்மாறு. மவுண்ட் என்பது இன்ஜினைக் காரின் உடலோடு பிடித்து நிறுத்தும், ரப்பர் பதித்த தாங்கி. அந்த இடுக்குகள் வேண்டுமென்றே விடப்பட்டவை. ரப்பர் அசைந்து அதிர்வை உள்வாங்குவதற்காக. அதை அடைத்தால் இன்ஜின் ஆட்டம் குறையும், ஐடிலிங்கில் (வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது) வரும் அதிர்வோ ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் ஏறிவிடும். ஏசி போட்டால் இன்னும் தெரியும்.

டியூப் பசை காற்றின் ஈரத்தில் இறுகுவது. முதல் நாளில் வெளிப்புறம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் கெட்டியாகும். தடிமனாக அடைத்தால் உள்ளே பல நாள் பிசுபிசுப்பாகவே கிடக்கும்.

எண்ணெய் ஊறிய ரப்பரில் எதுவும் ஒட்டாது. உலோகத்திலிருந்து ரப்பர் பிரிந்துவிட்டாலோ, உள்ளே திரவம் நிரப்பிய ஹைட்ராலிக் மவுண்டில் அது கசிந்திருந்தாலோ மாற்றுவதே வழி. இதில் பேரமே கிடையாது.

ஓரளவு பலன் தருவது, கீழே இன்ஜின் முறுக்கத்தைத் தாங்கும் டார்க் ராடில் மட்டும், அதுவும் ரப்பர் கிழியாமல் தளர்ந்திருந்தால். ராடைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டு, அடிப்பக்கத்தை டேப்பால் மூடி, ஷோர் ஏ 60 (ரப்பரின் கடினத்தன்மை அளவு) கொண்ட, இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவைக்கும் இரு பாக பாலியூரித்தேனை ஊற்றலாம். கடினத்தன்மை 80-க்கு மேல் போனால் வீட்டுக் காரில் அதிர்வு தாங்காது. நடு புஷ் (ரப்பரின் நடுவிலுள்ள உலோகக் குழல்) சரியாக மையத்தில் இருக்க வேண்டும், சாய்ந்தபடி இறுகினால் ராடு வீண். கலவை விகிதமும் இறுகும் நேரமும் டப்பாவில் உள்ளபடியே. கையுறை அவசியம், கலவையிலுள்ள ஐசோசயனேட் மூச்சுக்குக் கெடுதல், காற்றோட்டமான இடத்தில் கலக்குங்கள்.