47 விநாடி சாக்ஸ் பொம்மை

நாலு நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இன்று காலை எங்கள் தெரு வாட்ஸாப் குழுவுக்கும் அந்த வீடியோ வந்து சேர்ந்துவிட்டது. போட்டவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தினமும் எங்கள் நூலகத்தில் மூன்று நாளிதழ்களை வரி விடாமல் படித்துவிட்டுப் போகிறவர். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம் மூன்று. கீழே ஒரு கேள்வி: "மேடம், இவங்க உங்க டிபார்ட்மென்ட்டா?"

ஆமாம் சார். எங்க டிபார்ட்மென்ட்தான்.

எந்த வீடியோ என்று விளக்க வேண்டியதில்லை, எல்லாரும் பார்த்தாகிவிட்டது. 47 விநாடி. மேடையில் ஒரு நூலகர், கையில் மாட்டிய பச்சை சாக்ஸ் பொம்மையின் வாயைத் திறந்து மூடுகிறார். பின்னணியில் யாரோ சேர்த்த காமெடி மியூசிக். மேலே பெரிய எழுத்தில் "இதுக்குப் பேரு கருத்தரங்கமாம், இதுக்கு ஓ.டி. வேறயாம்". ஓ.டி. என்றால் 'ஆன் டியூட்டி', போகிற நாளையும் வேலை நாளாகவே கணக்கு வைப்பது.

அந்த அரங்கில் நானும் இருந்தேன். தூணுக்குப் பின்னால், ஃபேன் காற்று வராத வரிசை. அவருக்கு ஒதுக்கியிருந்தது பன்னிரண்டு நிமிடம். வாழ்த்துரைக்கு வந்தவர் தன் கல்லூரிக் காலத்துக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் அதில் நாலு நிமிடம் போய்விட்டது. மிஞ்சிய எட்டு நிமிடத்திலிருந்து 47 விநாடியை வெட்டி ஊருக்கே அனுப்பியவர், மற்ற நேரத்தில் அவர் என்ன பேசினார் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

அந்தப் பொம்மை கதை சொல்லாது. கதை கேட்கும். வாசிக்கத் திணறுகிற குழந்தைக்குச் சத்தமாக வாசிப்பது என்றால் அவ்வளவு பயம். தப்பாக வாசித்தால் டீச்சர் திருத்துவார், அம்மா பெருமூச்சு விடுவார், பக்கத்துப் பையன் சிரிப்பான். பொம்மை ஒன்றும் செய்யாது. 'ழ'வை 'ல' என்று படித்தாலும் தலையாட்டும். ஒரே வரியை நாலு தடவை படித்தாலும் வாயைப் பிளந்து கேட்கும். இதன் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டியில் 1999இல் பழக்கப்படுத்திய நாய்களின் பக்கத்தில் குழந்தைகளை உட்கார வைத்து வாசிக்கச் சொன்னார்கள். நாய் திருத்தாது இல்லையா, அதுதான் விஷயம். அங்கிருந்து அது எத்தனையோ ஊர்களின் நூலகங்களுக்குப் போய்விட்டது. நம் ஊரில் நூலகத்துக்குள் நாயை விட்டால் முதலில் எழுந்து ஓடுவது நாளிதழ் படிக்கிற பெரியவர்கள்தான். அதனால் நாய் போய் சாக்ஸ் வந்தது. இதைத்தான் அவர் சொன்னார். தன் நூலகத்தில் எந்தக் குழந்தைகளிடம் அது வேலை செய்தது, யாரிடம் செய்யவில்லை என்பதையும் சொன்னார். செய்யாததைச் சொன்னார் பாருங்கள், அதற்காகவே நான் எழுந்து நின்று கைதட்டினேன். அது வீடியோவில் இல்லை.

வெளியில் இருக்கிறவர்களுக்குப் புரியாத ஒன்று உண்டு. நாங்கள் ஒற்றை ஆள். கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் என்றால் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான். கதவைத் திறப்பது, கூட்டுவது, நாளிதழைக் கோப்பது, பதிவேடு எழுதுவது, சந்தா நினைவூட்டுவது, போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்கு நாற்காலி தேடுவது, சின்னதுகளுக்குப் படக்கதை எடுத்துக் கொடுப்பது, எல்லாம் அந்த ஒருத்தர். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சருக்குப் பாடம் சரியாக வரவில்லை என்றால் பக்கத்து வகுப்பில் இன்னொரு டீச்சர் இருக்கிறார். எனக்குப் பக்கத்து மேசை கிடையாது. ஒரு குழந்தை ஏன் மூன்றாவது வாரம் வரவில்லை என்று நான் யாரிடம் கேட்பேன்? பீரோவிடமா?

வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் கிடைத்தால், ஒரு கருத்தரங்கம் எனக்கு அந்தப் பக்கத்து மேசை.

சரி, சொந்தக் கதைக்கு வருகிறேன். பத்து வருஷத்துக்கு முன் எங்கள் குழந்தைகள் பகுதி என்பது ஒரு இரும்பு ரேக். புத்தகங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். சிறுவர் புத்தகத்துக்கு முதுகு எங்கே இருக்கிறது? பதினாறு பக்கம், நடுவில் இரண்டு பின். குழந்தைகள் வந்து ரேக்கைப் பார்க்கும், என்னைப் பார்க்கும், போய்விடும். எனக்குக் குழந்தைகள் மேல்தான் கோபம். ஒரு கருத்தரங்கத்தில் டீ இடைவேளையில் மலைப்பக்கத்துக் கிளை நூலகர் ஒருவர், என்னைவிடப் பத்து வயது இளையவர், போண்டாவைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, கொடி கட்டி, துணி கிளிப் போட்டு, அட்டை தெரியறாப்ல தொங்க விடுங்க." அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பி முதல் வேலையாக நைலான் கயிறு வாங்கினேன், என் காசில். அதற்கு முன்னால் சிறுவர் வழங்கல் பதிவேட்டில் ஒரு பக்கம் நிரம்ப ஒரு மாதம் ஆகும். அப்புறம் ஒரு வாரம் போதும் என்று ஆனது. குழந்தைகள் அன்றைக்குத்தான் என்னை 'லைப்ரரி மிஸ்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதுவரை 'புக்கு ஆன்ட்டி'.

அந்த யோசனை எந்தக் கட்டுரைத் தொகுப்பிலும் அச்சாகவில்லை. ஆனால் அந்தக் கருத்தரங்கம் இல்லாவிட்டால் அந்த டீ இடைவேளை இல்லை. டீ இடைவேளை இல்லாவிட்டால் கயிறு இல்லை.

"அதுக்குத்தான் வாட்ஸாப் குழு இருக்கே" என்பீர்கள். இருக்கிறது, ஆறு குழு. காலையில் பூவோடு வணக்கம், மதியம் சுற்றறிக்கை, மாலையில் "உடனடியாகப் புள்ளிவிவரம் அனுப்பவும்". எல்லாக் குழுவிலும் மேலதிகாரி இருக்கிறார். அதில் போய் "நான் நடத்திய கதை நேரத்துக்கு இரண்டே குழந்தைகள்தான் வந்தார்கள், என்ன செய்யலாம்?" என்று யார் கேட்பார்? குழுவில் வருவதெல்லாம் வெற்றிப் படங்கள்தான். நேரில் பார்க்கும்போதுதான் தோற்ற கதை வரும். எங்களுக்கு வேண்டியது தோற்ற கதை.

"வரிப்பணம்" என்று பொங்குகிறவர்களுக்கு: சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி கட்டுகிறீர்கள், உண்மை. 1948இல் அன்றைய சென்னை மாகாணத்தில் வந்த சட்டம், சுதந்திர இந்தியாவிலேயே முதல் பொது நூலகச் சட்டம், அதில் நாம் பெருமைப்படலாம். நானும் என் வீட்டுக்கு அந்த வரியைக் கட்டுகிறேன். ஆனால் அன்றைக்கு நான் போன பஸ்ஸுக்கு உங்கள் பத்து பைசா வரவில்லை. எங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, கருத்தரங்கம் சனிக்கிழமை. ஓ.டி. கேட்டேன், கிடைக்கவில்லை. தற்செயல் விடுப்பு போட்டுத்தான் போனேன். டிக்கெட், பதிவுக் கட்டணம் எல்லாம் கைக்காசு. பொம்மையோடு நின்றாரே, அவர் கதையும் அதேதான். "ஓ.டி. வேறயாம்" என்று எழுதியவருக்கு இது தெரியுமா?

"நூலகத்தில் கழிப்பறையே இல்லை, இதில் மாநாடா?" என்றும் ஒருவர். கழிப்பறை இல்லாத கட்டடத்தில் எட்டு வருஷம் வேலை பார்த்தவளிடம் கேட்கிறார். இரண்டும் வேண்டும் சார். ஒன்று இல்லாததால் இன்னொன்றும் வேண்டாம் என்பது என்ன கணக்கு?

சில கருத்தரங்கங்கள் சான்றிதழுக்காகவே நடக்கின்றன, மறுக்கவில்லை. படித்ததையே படிப்பார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், குழுப் படம் எடுப்பார்கள். அதை இன்னொரு நாள் திட்டுவோம்.

ஆனால் பொம்மை என்று சிரிப்பதை மட்டும் என்னால் விட முடியவில்லை. ஆகஸ்ட் 12, நூலகர் தினம் வந்தால் மாலை போடுகிறோமே, இந்திய நூலகவியலின் தந்தை, சீர்காழிக்காரர் ரங்கநாதன், அவர் 1924இல் நூலகவியல் படிக்க லண்டன் போனார். நூறுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். இன்றைய கணக்கில் அதுவும் 'டூர்'தான். ஒரு கடையில் மெக்கானோ என்ற பொம்மைச் செட்டைப் பார்த்தார். சின்னச் சின்னத் துண்டுகளை விதவிதமாகப் பூட்டிப் புதுப்புது உருவம் செய்வது. அதிலிருந்துதான் அவருக்குக் கோலன் பகுப்பு முறை, அதாவது புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுக்கும் முறை, பிடிபட்டது. நல்லவேளை, அப்போது யார் கையிலும் போன் இல்லை. இருந்திருந்தால் "மெட்ராஸ் யூனிவர்சிட்டி லைப்ரரியன் பொம்மைக் கடையில் என்ன பண்றார் பாருங்க" என்று 47 விநாடி போட்டிருப்பார்கள். அங்கே அவருக்குப் பாடம் சொன்ன பெர்விக் சேயர்ஸ், குழந்தைகள் நூலகத்தைப் பற்றியே தனிப் புத்தகம் எழுதிய மனிதர்.

குழந்தைகள் நூலகர்கள் கூடிப் பேசுவது நேற்று வந்த ஃபேஷனும் இல்லை. 1900இல் மாண்ட்ரியலில் அமெரிக்க நூலகச் சங்கம் கூடியபோதே குழந்தைகள் நூலகர்கள் தங்களுக்கென்று ஒரு கிளப் தொடங்கினார்கள். மறு வருஷமே அது சங்கத்தின் தனிப் பிரிவானது. உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லாவிலும் குழந்தைகள், இளையோர் நூலகங்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. 1992இல் இஃப்லா மாநாடு நம் டெல்லியிலேயே நடந்தது. அங்கெல்லாம் கதை சொல்வதைப் பற்றிக் கட்டுரை வாசித்தால் கேட்கிறார்கள், குறிப்பெடுக்கிறார்கள். இங்கே அமர்வுத் தலைவரே "கதை சொல்றதுக்கெல்லாமா பேப்பர்?" என்று மைக்கில் சிரித்தார். வீடியோ எடுத்தவரை விடுங்கள், முதல் சிரிப்பு மேடையிலிருந்துதான் வந்தது.

ஏன் என்று எனக்குத் தெரியும். டிஜிட்டல் நூலகம் பற்றிப் பேசினால் அது தொழில். குழந்தை பற்றிப் பேசினால் அது பெண்கள் வேலை, வீட்டில் சும்மா செய்வது. 2023இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தபோது குழந்தைகள் பகுதியில் எத்தனை பேர் செல்ஃபி எடுத்தீர்கள்! சுவரும் சறுக்கும் அழகாக இருக்கிறது. அங்கே உட்கார்ந்து குழந்தையிடம் பேசுகிறவரின் வேலை மட்டும் வேலை இல்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாளாகத் தொண்டையில் நிற்கிறது. எங்கள் நூலகத்தில் 'பாதியில் விட்ட புத்தகம்' என்று ஒரு அட்டைப்பெட்டி உண்டு. பிடிக்காத புத்தகத்தைக் குழந்தை அதில் போடலாம். ஒரு சீட்டில் எந்தப் பக்கத்தில் விட்டோம், ஏன் என்று எழுத வேண்டும். "பக்கம் 9. முயல் ரொம்ப அறிவுரை சொல்லுது." இப்படி. அந்தப் பெட்டியில் போட்ட புத்தகத்தைத்தான் மற்ற குழந்தைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு எடுக்கும். இதை ஒரு கூட்டத்தில் ஐந்து நிமிடம் சொன்னேன். இரண்டு வருஷம் கழித்து வேறொரு கூட்டத்தில் பெரிய இடத்துக்காரர் ஒருவரின் ஸ்லைடில் என் பெட்டியைப் பார்த்தேன். என் கையெழுத்து. 'தி'க்கு நான் போடும் சுழி எனக்குத் தெரியாதா? தலைப்பு 'எங்கள் புதுமை முயற்சி'. நானும் கைதட்டினேன். சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் போய் "நல்லா இருந்தது சார்" என்று வேறு சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"நீ மட்டும் கயிறு யோசனையை யாருக்கும் பேர் சொல்லாமல் எடுத்துக்கொள்ளவில்லையா?" என்று கேட்பீர்கள். அது வேறு. அவர் எனக்குக் கொடுத்தார். கொடுத்ததை வாங்குவது வேறு, மேடை ஏறித் தன்னுடையது என்பது வேறு. சரி, இனிமேல் கயிறு பற்றிப் பேசினால் அவர் பேரைச் சொல்கிறேன். இங்கே எழுதலாமா என்று கேட்டேன். "வேணாம் அக்கா, என்னையும் வீடியோ எடுப்பாங்க" என்றார்.

தலைமையாசிரியர் சாருக்குக் குழுவில் பதில் போடவில்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை வழக்கம்போல் அவர் ஒன்பது மணிக்கே வந்து நிற்பார், நான் நாளிதழை எடுத்துக் கொடுப்பேன்.

அதற்குள் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. கருத்தரங்கத்திலிருந்து வந்த அன்று இரவே என் பையனின் பழைய பச்சை ஸ்கூல் சாக்ஸில் ஒன்று தைத்துவிட்டேன். ஒரு கண்தான் வைத்திருக்கிறேன். இன்னொன்றுக்குப் பொருத்தமான பட்டன் கிடைக்கவில்லை. கறுப்பு, நாலு ஓட்டை, கோட் பட்டன் அளவு. யாரிடமாவது இருந்தால் சனிக்கிழமைக்குள் நூலகத்தில் கொடுங்கள்.