பாலைவனத்துக்குப் பலகை போதாது

கலிஃபோர்னியாவின் பாலைவனத்தில் 1942-ல் அமெரிக்கத் தளபதி ஜெனரல் பேட்டன் தொடங்கிய போர்ப் பயிற்சி முகாமின் டாங்கித் தடங்கள் சில இடங்களில் இன்னும் கண்ணுக்குத் தெரிகின்றன. பாலைவனம்தானே, அங்கே கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

மனிதக் கை படாத காட்டு நிலங்களைக் காக்கும் அமெரிக்காவின் 1964 வில்டர்னஸ் சட்டம் கறாரானது. அறிவிக்கப்பட்ட நிலத்துக்குள் நிரந்தரச் சாலை கூடாது, மோட்டார் கூடாது, சைக்கிளுக்கும் தடைதான். 1994-ல் கலிஃபோர்னியா பாலைவனப் பாதுகாப்புச் சட்டம் தேசியப் பூங்காக்கள் போக, மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையிடம் இருக்கும் நிலத்தில் 69 இடங்களை இப்படி அறிவித்தது. வரைபடத்தில் கோடு விழுந்துவிட்டது. தரையில் பழைய ஜீப் தடங்கள் அப்படியே கிடந்தன.

அங்கே ‘வண்டி வரக்கூடாது’ என்று பலகை மட்டும் நட்டால் பிடுங்கி எறிவார்கள், அல்லது சுற்றிக்கொண்டு போய்ப் புதுத் தடம் போடுவார்கள். தடம் கண்ணில் படும்வரை வண்டி வரும். அதனால் முதல் வேலை அதை மறைப்பது. முழுத் தடத்தையும் அல்ல. திறந்த சாலையில் நிற்பவன் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை போதும். சக்கரம் ஏறி இறுகிய மண்ணில் மழை இறங்காது, தடத்தோடு ஓடி அரித்துவிடும். ஆகவே கடப்பாரையால் குத்தி மண்ணை இளக்க வேண்டும். விதையும் நீரும் தங்கச் சின்னச் சின்னக் குழிகள் வேண்டும். பிறகு அக்கம்பக்கத்தில் காய்ந்து கிடக்கும் புதர்க் கிளைகளைக் குழி தோண்டி, உயிருள்ள செடி போல நிற்க நட வேண்டும். வரிசை பிடித்து நட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். பக்கத்துப் புதர்கள் எந்த நெருக்கத்தில் நிற்கின்றனவோ அதே நெருக்கம். வெள்ளம் வரும் ஓடையில் இந்த வேலை வீண்.

இயந்திரம் விட்டால் சீக்கிரம் முடியுமே என்பார்கள். வண்டித் தடத்தை அழிக்க இன்னொரு வண்டியை உள்ளே விடுவதா? கைவேலைதான் சரி என்பேன்.

தடத்தை இப்படி மறைத்துவிடலாம், அங்கே ஓடும் ஆற்றை நினைத்தால்தான் எனக்குக் கவலை. இதே பாலைவனப் பகுதியான மொஹாவியின் அமர்கோசா ஆற்றில் சுமார் 26 மைல் 2009-ல், ஆறுகளை இயல்பாக ஓடவிடும் இயற்கை ஆறுகள் சட்டத்தின் கீழ் வந்தது. கரையில் சவுக்கு போலத் தெரியும் டாமரிஸ்க் களையை வெட்டுகிறார்கள். வெட்டியதும் அடிக்கட்டையில் மருந்து தடவாவிட்டால் மறுபடி துளிர்க்கும். அது கைக்கெட்டிய வேலை. ஆனால் அமர்கோசா பெரும்பாலும் தரைக்கடியில் ஓடுகிற ஆறு, பிறப்பதோ நெவாடாவில். அணை கட்டாமல் தடுக்க இந்தச் சட்டம் போதும். மேல்பக்கம் ஆழ்துளை போட்டு உறிஞ்சினால், கரையைக் காவல் காத்து என்ன பயன்? நிலத்தடி நீருக்கும் சேர்த்து வரம்பு கட்டாத எந்த அறிவிப்பையும் நான் பாதி வேலை என்றுதான் சொல்வேன்.