பார்க்காத படத்தைப் 'பார்த்தாச்சு' என்காதீர்கள்

'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' என்ற பழைய அமெரிக்கப் பேய்ப்படத்தைப் பார்த்தாயா என்று மச்சினனிடம் கேட்டேன். "பார்த்தாச்சு அத்தான், பத்து நிமிசம்தான்" என்கிறான். அவன் பார்த்தது படமே இல்லை. எவனோ ஒருத்தன் மூச்சுவிடாமல் கதை சொல்லும் வீடியோ. அதையும் தக்கலையில் பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில், வேகத்தைக் கூட்டி வைத்துப் பார்த்திருக்கிறான். இவன் மட்டுமா? எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான் பேய்ப்படம் 'பார்க்கிறார்கள்'. வயிறு எரிகிறது.

1962-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம் அது. எடுத்தவர் ஹெர்க் ஹார்வி. கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் ஊரில், பள்ளிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பாடப் படங்கள் எடுக்கும் கம்பெனியில் வேலை. வாழ்க்கையில் அவர் எடுத்த ஒரே கதைப்படம் இதுதான். செலவு சுமார் 33,000 டாலர். அமெரிக்கக் கணக்கில் அது ஒரு காசே கிடையாது. யூட்டாவில் உப்பு ஏரிக்கரையில் பாழடைந்து கிடந்த சால்ட்ஏர் கேளிக்கை மாளிகையைக் காரில் போகும்போது பார்த்திருக்கிறார். அந்த இடத்துக்காகவே ஒரு கதை எழுதச் சொல்லிப் படம் எடுத்துவிட்டார். முகத்தில் வெள்ளை பூசி வரும் முக்கியப் பேயும் அவரே. தந்திரக் காட்சிக்குப் பணமில்லை. ஆள் இல்லாத இடம், ஆர்கன் இசை, சத்தம் அடங்கும் நேரம், இவற்றை வைத்தே பயமுறுத்தினார். கதைச்சுருக்கக்காரர்கள் முதல் வேலையாக வெட்டி எறிவது இந்த மூன்றையும்தான்!

ஆற்றில் விழுந்த காரிலிருந்து பிழைத்துவரும் மேரி, தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவள். நம் குமரி மாவட்டத்தில் கிறிஸ்தவக் கோயிலில் பாடல்குழுவோடு வளர்ந்த யாருக்கும் ஆர்கனின் அடிச்சுரம் நெஞ்சுக்குள் என்ன செய்யும் என்று தெரியும். தனியே பயிற்சி செய்யும்போது அவள் விரல்கள் மெல்லத் தடம் மாறி, வாசிப்பு வேறு எதுவாகவோ ஆகிறது. போதகர் வந்து நிறுத்தி, வேலையை விட்டே அனுப்புகிறார். படத்துக்கு இசையமைத்த ஜீன் மூரின் அந்த வாசிப்பைக் கேட்டால் தோல் சிலிர்க்கும். வீடியோக்காரன் என்ன செய்கிறான்? "அவளை வேலையை விட்டுத் தூக்கிடுறாங்க மக்களே" என்று ஒரே வரி. பின்னால் எங்கிருந்தோ எடுத்த டமார் டுமீர் இசை.

அதையாவது பொறுக்கலாம். துணிக்கடைக் காட்சி இருக்கிறதே! உடை மாற்றிக்கொண்டு வெளியே வருகிறாள், உலகத்துச் சத்தம் மொத்தமும் நின்றுவிடுகிறது. கடைக்காரிக்கு இவள் பேசுவது கேட்கவில்லை, இவள் நிற்பதும் தெரியவில்லை. தெருவிலும் அப்படியே. அப்புறம் பூங்காவில் ஒரு பறவை கத்தும்போதுதான் சத்தம் திரும்புகிறது. படத்தின் உயிரே அந்த நிசப்தம். அதன்மேல் உட்கார்ந்து இந்த ஆள் இடைவெளியே இல்லாமல் பேசுகிறான்! காது கேட்காமல் போன ஒருத்தியின் பயத்தை, வாய் ஓயாத ஒருவன் எப்படிக் காட்ட முடியும்? போதாக்குறைக்கு கதையின் முடிவை வீடியோவின் முகப்புப் படத்திலேயே சிவப்பு வட்டம் போட்டு வைத்திருக்கிறான்.

பழிவாங்கும் பேய்ப்பெண் நீலியின் கதை முடிவு நம்மில் யாருக்குத் தெரியாது? முப்பந்தல் இசக்கி யார் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். ஆனாலும் அம்மன் கோயில் கொடை விழாவில் அந்தக் கதையைப் பாடும் வில்லுப்பாட்டுக்கு விடிய விடிய உட்காருகிறோம். புலவரிடம் போய்ப் பத்து நிமிசத்தில் முடி என்று யாராவது சொல்வோமா?

நேரமில்லை என்பது பொய். ஏறக்குறைய 80 நிமிடப் படம். காசு பிரச்சினையும் இல்லை: அமெரிக்காவில் பதிப்புரிமை போய்ப் பொதுச்சொத்தாகிவிட்ட படம், முழுசாக இலவசமாகக் கிடக்கிறது. விளக்கை அணைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, தொடக்கத்திலிருந்து பாருங்கள். இழுவை என்று தோன்றினால் தாராளமாகச் சொல்லுங்கள், உட்கார்ந்து சண்டை போடுவோம். படத்தைத் தொடாமலே அதற்கு மார்க் போட்டுக்கொண்டு மட்டும் என்னிடம் வராதீர்கள்.