எதற்கெடுத்தாலும் வேப்பெண்ணெயா?

முட்டைக்கோஸ் இலையெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது, என்ன செய்யலாம் என்று யாராவது கேட்டால் போதும். "வேப்பெண்ணெய் அடிங்க." சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியா? வேப்பெண்ணெய். பச்சைப் புழுவா? வேப்பெண்ணெய். ராத்திரியில் நாற்றைத் தரையோடு நறுக்கிப் போடும் வெட்டுப்புழுவா? அதற்கும் அதேதான். அது பகல் முழுக்க மண்ணுக்குள் சுருண்டு கிடக்கிறது ஐயா! இலையில் எண்ணெய் அடித்து யாருக்கு லாபம்?

வேப்பெண்ணெய் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எப்படி அடிப்பது என்று சொல்லாமலே நழுவிவிடுகிறார்களே, அதுதான் எரிச்சல். எண்ணெய் தண்ணீரோடு சேராது, சோப்புக் கரைசல் வேண்டும். முட்டைக்கோஸ் இலையில் மெழுகுப் படலம் வேறு. சோப்பு இல்லாவிட்டால் அடித்ததெல்லாம் முத்து முத்தாக உருண்டு மண்ணில் விழும். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். இத்தனைக்கும் புழு உடனே சாகாது. தின்பது குறையும், தோலுரிக்க முடியாமல் திணறும், அதுவும் இளம் புழுவாக இருந்தால்தான்.

வைர முதுகு அந்துப்பூச்சியின் புழுவைப் பார்த்திருக்கிறீர்களா? முட்டைக்கோஸ் இலையைத் திருப்பினால் தெரியும். மெல்லிசாக, வெளிர் பச்சையில், ஒரு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். அடிப்பக்கமாகச் சுரண்டித் தின்று மேல்தோலை மட்டும் விட்டு வைக்கும். தொட்டால் துள்ளிக் குதித்து நூல் விட்டுத் தொங்கும். 1953லேயே ஜாவாவில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லிக்கே தண்ணி காட்டிய பூச்சி இது. ஒரே மருந்தை வாரா வாரம் அடித்தால் அடங்கிவிடுமா?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலை மாதிரி ஒன்று இலையில் ஊர்வதைப் படம் பிடித்து, "இதை எப்படிக் கொல்வது?" என்று கேட்பார்கள். அடப்பாவிகளா, அது பொறிவண்டின் புழு! உங்கள் அசுவினியைத்தான் தின்றுகொண்டிருக்கிறது. கேட்பவருக்குத் தெரியாது, சரி. மருந்துப் பெயரை அள்ளி வீசுகிறவர்களுக்குமா தெரியாது?

நாற்றில் புழு, முட்டை இல்லையா என்று பார்த்து, நட்ட அன்றே நுண்வலை போட்டு மூடினால் அந்து முட்டையிட வழியே இல்லை. தேனீ உள்ளே வர முடியாதே என்ற கவலையும் வேண்டாம். முட்டைக்கோஸுக்கும் காலிஃப்ளவருக்கும் விதை எடுக்காதவரை மகரந்தச் சேர்க்கை தேவையில்லை. இதைச் சொன்னால் மட்டும், "வலைக்கெல்லாம் யார் செலவு பண்றது?" என்கிறார்கள். வாரா வாரம் அடிக்கிற மருந்து என்ன, சும்மாவா வருகிறது?