வரிசை மாறினால் புள்ளி மட்டும் போகாது, ஓட்டமே போகும்

"ஓரியன்டீரிங்கில் (வரைபடம் பார்த்து ஓடும் போட்டியில்) கன்ட்ரோல்களை (வழியில் வைத்த அடையாளக் கம்பங்களை) எந்த வரிசையிலும் தொடலாம், விட்டுப்போனால் அந்தப் புள்ளி மட்டும்தான் போகும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அது, குறித்த நேரத்துக்குள் முடிந்தவரை புள்ளி சேர்க்கும் ஸ்கோர் வகைக்கு மட்டுமே பொருந்தும். முதல்முறை ஓடுகிறவர் இதை நம்பிவிடக் கூடாது.

ஸ்பிரின்ட் (குறுந்தூரம்), மிடில் (நடுத்தூரம்), லாங் (நெடுந்தூரம்) மூன்றிலும் வரைபடத்தில் போட்ட வரிசைப்படிதான் போக வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் தகுதிநீக்கம். 4-ஆம் கன்ட்ரோலை விட்டு 5-ல் சிப் (வருகையைப் பதியும் சிறு கருவி) வைத்துவிட்டால், திரும்பிப் போய் 4, மறுபடியும் 5, அப்புறம்தான் 6. முன்னால் பதிந்த 5 கூடுதலாக இருப்பதால் பாதகமில்லை. '5-ஐத்தான் ஏற்கெனவே தொட்டாச்சே' என்று 4-லிருந்து நேரே 6-க்கு ஓடுவதில்தான் பலர் கெடுகிறார்கள். இன்னொன்று: கம்பத்தில் 4 என்று இருக்காது. 31-லிருந்து தொடங்கும் குறியீட்டு எண் இருக்கும். சிப் வைக்குமுன் குறிப்புத்தாளில் (கன்ட்ரோல்களின் விவரப் பட்டியலில்) அந்த வரியின் இரண்டாம் கட்டத்தோடு அதை ஒத்துப் பாருங்கள்.

ஸ்கோரில் வரிசை உங்கள் விருப்பம், ஆனால் நேரம் கறார். நிமிடத்துக்கு 10 புள்ளி கழிவு என்று அமைப்பாளர் வைத்திருந்தால், 5 நிமிடத் தாமதத்தில் 50 போய்விடும். ஸ்கோர் போலவே புள்ளி சேர்க்கும் 24 மணி நேர ரோகெயின் போட்டியும் இதே கணக்குதான், ஆனால் குழுவாக ஓட வேண்டும்.

"லாங் என்பது நீட்டிய ஸ்பிரின்ட்" என்று சிலர் சொல்வதும் சரியில்லை. ஸ்பிரின்ட் வரைபடம் 1:4000, அதில் ஒரு மில்லிமீட்டர் 4 மீட்டர். லாங்கின் 1:15000-ல் அதுவே 15 மீட்டர். ஸ்பிரின்டில் தடித்த கறுப்புக் கோடாகக் காட்டிய சுவரை, இடுப்பளவே இருந்தாலும், தாண்டினால் தகுதிநீக்கம்.